பின்னாலயே வா

எங்கள் வீடு ஒரு பனியன் கம்பெனியின் தலைமேல் இருக்கிறது. கீழே கட்டிங்கும் செக்கிங்கும், நடுவில் தையல், அதற்கு மேல் நானும் மனைவியும் மகனும் மருமகளும். கீழே மிஷின் ஓடினால் அந்த அதிர்வு சுவரேறி வந்து என் கட்டில் காலில் முடியும். கம்பெனியை மகன் பார்க்கிறான். நான் லத்தீன் படிக்கிறேன்.

இதைச் சொன்னால் திருப்பூரில் சிரிப்பார்கள். சிரித்தும் இருக்கிறார்கள். இளமையில் ஆங்கில இலக்கியம் படித்து உடுமலைப்பேட்டையில் கொஞ்ச காலம் கல்லூரியில் பாடம் நடத்தினேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு வந்து நூலையும் துணியையும் பார்த்தேன். அன்று பாதியில் விட்டது மனதில் கிடந்தது. மகன் பொறுப்பேற்ற பிறகு, பழைய ரோமானியரின் காவியம் ஒன்றை மூலத்திலேயே படிக்கும் வகுப்பில் இணையம் வழியாகச் சேர்ந்தேன். மத்தியான வகுப்பு. நாலைந்து பேர்தான். எல்லோரும் என்னைப்போல வேலை ஓய்ந்தவர்கள்.

வகுப்பு நேரத்தில் கீழேயிருந்து யாராவது ஏறி வந்து, "ஐயா, இந்தக் கலர் சரியாங்க?" என்று துணியை நீட்டுவார்கள். அதற்காகப் படியின் உச்சியில் இருந்த கிரில் கதவுக்கு ஒரு பூட்டு போடச் சொன்னேன். இழுத்துவிட்டாலே பூட்டிக்கொள்ளும். உள்ளிருந்து திறந்தாலும் வெளியிலிருந்து திறந்தாலும் சாவி வேண்டும். சாவி என் சட்டைப் பையில் இருக்கும். என் மனைவிக்குக் கறிவேப்பிலை வாங்கக் கீழே போக வேண்டுமென்றாலும் வகுப்பு முடியும்வரை உட்கார்ந்திருப்பாள். அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

அப்படி உட்கார்ந்திருக்கும்போது அவளும் கேட்பாள். ஆங்கிலம் புரியாது, லத்தீன் சுத்தமாகப் புரியாது. வகுப்பு முடிந்ததும் கதையை மட்டும் என்னிடம் வாங்கிக்கொள்வாள். அந்த நாயகனுக்கு ஓர் அடைமொழி உண்டு, 'பியுஸ்'. தகப்பனுக்கும் தெய்வத்துக்கும் ஊருக்கும் செய்ய வேண்டிய கடமையில் தவறாதவன் என்று பொருள். அதை நான் வாய்விட்டு உருப்போட்டுக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"ஏனுங்க, பீஸ் போயிருச்சுங்களா? இங்க லைட் எரியுதுங்களே."

தேவர்களின் ராணிக்கு அந்த நாயகனின் ஊர்மேல் ஏன் அத்தனை கோபம் என்பதற்கு வகுப்பில் ஒரு முன்கதை சொன்னார்கள். மூன்று தேவிகளில் யார் அழகி என்று ஒரு பழத்தை வைத்துப் போட்டி. தீர்ப்புச் சொன்னவன் அந்த ஊர்க்காரன். பழம் ராணிக்குக் கிடைக்கவில்லை. இதை அவளிடம் சொன்னேன்.

"ஒரு பழத்துக்கா இத்தன சண்டைங்க?" என்றாள். பிறகு அவளே யோசித்து, "நம்ம பழனியிலயும் ஒருத்தரு பழத்துக்குத்தான கோவிச்சுட்டு வந்து நிக்கறாரு. சாமின்னா அப்படித்தேன் போலிருக்குது" என்றாள்.

ஊர் எரிகிற பகுதிக்கு வந்தோம். நாயகன் நடக்க முடியாத தகப்பனைத் தோளில் தூக்கிக்கொள்கிறான். வீட்டுத் தெய்வங்களின் உருவங்களைத் தகப்பன் கையில் கொடுக்கிறான். மகனைக் கையில் பிடித்துக்கொள்கிறான். மனைவியைப் பின்னால் வரச் சொல்கிறான். ஊரெல்லை தாண்டி எல்லோரும் கூடிய பிறகுதான் அவள் இல்லை என்று தெரிகிறது.

"அப்பறம்?"

"திரும்ப ஓடுனான். எரியற தெருவுல அவ பேரச் சொல்லிச் சொல்லிக் கத்திட்டு ஓடுனான்."

"பேரச் சொல்லியா?" அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க என்ற பேர எப்பவாச்சும் சொல்லியிருக்கறீங்களா?"

நான் அவளை 'ஏ புள்ள' என்று கூப்பிடுவேன். அவள் என்னை 'ஏனுங்க' என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். எங்கள் பக்கத்தில் யாரும் அதை யோசிப்பதில்லை.

போன கோடையில் பக்கத்துக் கட்டிடத்தில் கட்டிங் வேஸ்ட் அடைத்து வைத்திருந்த குடோனில் தீப்பிடித்தது. பஞ்சுத் துணி எரிந்தால் முதலில் புகைதான். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மகன் துணி பார்க்கப் பல்லடம் போயிருந்தான், மருமகள் கீழே ஆபீஸில் இருந்தாள். மிஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. கட்டில் காலில் அதிர்வு நின்றதில்தான் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஜன்னல் பக்கம் கறுப்பாக இருந்தது. கீழே ஆட்கள் ஓடும் சத்தம்.

புத்தகத்தையும் போனையும் எடுத்துக்கொண்டேன். அவளிடம், "ஏ புள்ள, பின்னாலயே வா" என்றேன். கிரில்லைத் திறந்து வெளியே வந்தேன். எனக்கு முழங்கால் சரியில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில்தான் இறங்க முடியும். இறங்கிய வேகத்தில், எத்தனையோ நாளாகச் செய்கிற பழக்கத்தில், பின்னால் கைநீட்டிக் கதவை இழுத்துவிட்டேன். அது பூட்டிக்கொண்ட சத்தம் என் காதில் விழுந்தது. விழவில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். விழுந்தது.

தெருவில் அக்கம்பக்கத்துக் கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் நின்றார்கள். திரும்பிப் பார்த்தேன். அவள் இல்லை. "ஏ புள்ள! ஏ புள்ள!" என்று கத்தினேன். தெருவிலிருந்த பெண்கள் பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் பால்கனிக்கு வந்து நின்று கூப்பிட்டிருக்கிறாள், "ஏனுங்க! ஏனுங்க!" என்று. அந்தத் தெருவில் அந்த நேரத்தில் யார் 'ஏனுங்க' சொல்லவில்லை? தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்தவன் சொன்னான், தண்ணீர் லாரியைத் திருப்பியவன் சொன்னான். எனக்கும் அது தெருச் சத்தத்தில் ஒன்றாகத்தான் கேட்டது.

எங்கள் செக்கிங்கில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஐயா, அம்மா பேரு என்னய்யா? பேரச் சொல்லுங்க, நான் கூப்புடுதேன்."

வாய் திறந்தேன். பேர் வரவில்லை. மறந்துவிடவில்லை, நாக்குக்குப் பழக்கமில்லை. அதற்குள் அவளே அண்ணாந்து பார்த்துவிட்டாள்.

"மேல நிக்காவ பாருங்க! சாவிங்காவ! சாவி உங்ககிட்டயா இருக்கு?"

என் சட்டைப் பையில் அவளே கைவிட்டு எடுத்துக்கொண்டு, துப்பட்டாவை மூக்கில் சுற்றியபடி படியேறி ஓடினாள். என் மனைவியைத் தோளில் சாய்த்து இறக்கிக் கொண்டுவந்தாள். மனைவிக்கு இருமல் நிற்கவில்லை. அவள் கையில் ஓர் ஈரத்துண்டு இருந்தது. என் மூக்கில் கட்டிவிட நனைக்கப் போன நேரத்தில்தான் நான் இறங்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் மகன் பதறிக்கொண்டு வந்தான். "ஏம்மா, அப்பா கூடவே எறங்கி வர வேண்டியதுதானுங்க? உள்ள என்ன பண்ணுனீங்க?"

அவள் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. அதை விலக்கிவிட்டுச் சொன்னாள்: "கேஸ் மூடலியோன்னு ஒரு நெனப்பு கண்ணு. நாந்தான் திரும்பி உள்ள போயிட்டேன்."

மகன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

அந்தச் செக்கிங் பெண்ணும் அங்கே இருந்தாள். என்னை ஒரு முறை பார்த்தாள், வெளியே போய்விட்டாள். கொஞ்ச நாளில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

தீ எங்கள் கட்டிடத்துக்கு வரவில்லை. ஆனால் கேஸ் கதை வீட்டில் தங்கிவிட்டது. முதலில் பெருமையாகச் சொன்னார்கள். பிறகு பேச்சு மாறியது. ஊரே ஓடும்போது கேஸ் மூடத் திரும்பிப் போகிற ஒருத்திக்கு நிதானம் சரியாக இருக்குமா? மருமகள் வெள்ளகோவிலிலிருக்கும் அவள் அம்மாவிடம் போனில், "அத்தைக்கு முன்ன மாதிரி இல்லீங்கம்மா, பாத்துக்க வேண்டியிருக்குது" என்று சொல்வது என் காதில் விழுந்தது. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. உண்மையான கவலைதான்.

கவலையில் அடுப்படி என் மனைவியின் கையை விட்டுப் போனது. டாக்டரிடம் கூட்டிப்போய் என்ன கிழமை, எந்த மாதம் என்று கேள்வி கேட்க வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். "இப்போதைக்கு மறதி நோய் எதுவும் இருக்காது" என்றார் டாக்டர். அந்த 'இப்போதைக்கு' போதுமானதாக இருந்தது. கிரில் எந்நேரமும் பூட்டியே இருந்தது; ஒரு சாவி மருமகளின் கொத்துக்கும் இன்னொன்று மகனிடமும் போனது.

மனைவிக்கு உடுமலைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஒரு தங்கை இருக்கிறாள். மாதத்தில் இரண்டு மூன்று தடவை பஸ் ஏறிப் பல்லடம் வழியாகப் போய், அக்காவும் தங்கையுமாக நாள் முழுக்கப் பேசிவிட்டு, பொழுதோடு திரும்பி வருவாள். அந்த ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. அதுவும் நின்றது. தங்கைக்குக் கண் ஆபரேஷன் என்று சேதி வந்தபோது மகனிடம் கேட்டாள்.

"தனியா பஸ்ல வேண்டாங்கம்மா. இந்த ஷிப்மென்ட் போயிரட்டும், நானே கார்ல கூட்டீட்டுப் போறேன்."

திருப்பூரில் ஷிப்மென்ட் போய் முடிகிற நாள் என்று ஒன்று கிடையாது. அது அவளுக்கும் தெரியும். என் பக்கம் திரும்பினாள். நான் புத்தகத்தில் ஏதோ ஒரு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கிரில் அருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். கீழே டீ நேரத்தில் ஆட்கள் ஏறி இறங்குவது கம்பி வழியாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் அதே வீட்டுக்குள்தான் இருந்தேன். அவள் இருந்த பக்கம் போகாமல் கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவிலேயே நடந்தேன்.

வகுப்பில் நாங்கள் இன்னும் அதே பகுதியில் இருந்தோம். காணாமல் போன மனைவி நிழலுருவாக நாயகன்முன் வந்து நிற்கிறாள். தெய்வச் சித்தம் இல்லாமல் இது நடக்கவில்லை, நீ வருந்தாதே என்கிறாள். அழகான இடம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஆசிரியை ஒரு வயதான அம்மாள். அவர் சற்று முந்தைய ஒரு வாக்கியத்துக்குத் திரும்பிப் போகச் சொன்னார். மனைவிக்கு என்ன ஆனது என்று நாயகன் ஊகிக்கிற வாக்கியம். நின்றுவிட்டாளோ, வழி தவறினாளோ, களைத்து உட்கார்ந்துவிட்டாளோ என்று போகும். என்னிடம் இலக்கணம் கேட்டார்: "இந்த வினைகளுக்கு எழுவாய் யார்?"

"அவள்," என்றேன்.

"எல்லாவற்றுக்குமா?"

"எல்லாவற்றுக்கும் அவள்தான்."

"திரும்பிப் பார்க்கவில்லை என்பதை மட்டும் அவன் தன்மேல் போட்டுச் சொல்கிறான், இல்லையா?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. அவள் கேஸ் மூடப் போனாள். அவள் திரும்பி உள்ளே போனாள். அவளுக்கு நிதானம் தப்பியது. எங்கள் வீட்டிலும் எல்லாவற்றுக்கும் எழுவாய் அவள்தான். அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியம்கூட நான் சொல்லவில்லை.

போனை அணைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தேன். அன்று மகன் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே ஏறி வந்திருந்தான்.

"தீப்பிடிச்ச அன்னைக்கு உங்கம்மா கேஸ் மூடப் போகல. நான் கிரில்ல இழுத்துப் பூட்டிட்டேன். சாவி என்ற பையில இருந்துது."

மகன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "அம்மாவே சொன்னாங்களேங்கப்பா."

"எனக்காகச் சொன்னா."

"அப்பா, நீங்க அம்மாவுக்குப் பரிஞ்சுக்கிட்டு இப்படி..."

"அந்த செக்கிங் புள்ளயக் கேளு. அவதான் என்ற பையிலிருந்து சாவிய எடுத்துட்டு ஓடுனா."

அவன் அம்மாவைப் பார்த்தான். "ஏனுங்கம்மா?"

"இப்ப எதுக்குக் கண்ணு அதெல்லாம்? ரசம் ஆறுது பாரு" என்றாள் அவள்.

மறுத்திருந்தால் அவன் நம்பாமல் இருந்திருப்பான். அவள் மறுக்கவில்லை.

"அப்ப இத்தன நாளா அம்மாவ ஊட்டுக்குள்ள வெச்சு நாங்க பூட்டுனது எதுக்குங்கப்பா?" என்றான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம். டாக்டர் கேள்வி கேட்டபோது தானும் பக்கத்தில் நின்றது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றி மாமியாரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். என் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அந்தாளு அவன் மகங்கிட்டச் சொன்னானுங்களா? உங்கம்மா எப்படித் தொலஞ்சான்னு?"

"தெரியல. வேறொரு ஊரு ராணிகிட்டச் சொன்னான். விருந்துல."

"அவகிட்ட எதுக்குங்க?"

"கேட்டா, சொன்னான்."

"நல்லா இருக்குது நாயம்" என்று துணியை உதறினாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்களுக்குள் நடக்கவில்லை. மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்பாள். அந்தப் பதிலை இன்னொரு தடவை வாங்கிக்கொள்ள எனக்கு முகம் இல்லை.

இன்று காலை அவள் உடுமலைப்பேட்டை கிளம்பினாள். பையில் தங்கைக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியும் கொஞ்சம் முறுக்கும். "பொழுதோட வந்தறனுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். போகிற போக்கில் கையைப் பின்னால் நீட்டிக் கிரில்லை இழுத்தாள். பூட்டிக்கொண்டது. சாவி அவளிடம்.

தெரிந்து இழுத்தாளா, என்னைப்போலப் பழக்கத்தில் இழுத்தாளா, எனக்குத் தெரியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பாதிப் படி இறங்கியிருந்தாள். 'ஏ புள்ள' என்று வாயில் வந்ததை நிறுத்திவிட்டு, அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கூச்சத்தில் சத்தம் சரியாக எழவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன்.

அவள் திரும்பவில்லை. மிஷின் சத்தம் காரணமாக இருக்கலாம். அந்தக் குரலில் அந்தப் பேரை அவள் கேட்டதே இல்லை. தன்னைத்தான் என்று தோன்றாமலும் போயிருக்கலாம். முதல் மாடியில் தைப்பதற்குப் பனியன் கைகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி மட்டும் எட்டிப் பார்த்து, "யாரைங்க ஐயா கூப்பிடறீங்க?" என்று கேட்டாள்.

இன்னொரு சாவி மகனிடம் இருக்கிறது. ஒரு போன் செய்தால் ஏறி வந்து திறந்துவிடுவான். செய்யவில்லை. மத்தியானம் வகுப்புக்கு அழைப்பு வந்தது, எடுக்கவில்லை. கிரில் அருகே கிடந்த அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கிருந்து பார்த்தால் படியில் ஏறுகிறவர்களின் தலை முதலில் தெரிகிறது. டீ நேரம் முடிந்து எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அவள் ஏறி வர இன்னும் நேரம் இருக்கிறது. அந்தப் பேரை மெதுவாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.