சைபர் மாதிரி

அந்த செமஸ்டரோடு என் ஆராய்ச்சிப் பதிவு காலாவதி ஆகவிருந்தது. அதற்குள் ஆய்வேட்டில் கைடு கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஏழு வருட உழைப்பும் கோவிந்தா. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாகச் செய்த பிஎச்டி அது. நாற்பதைத் தாண்டியவளுக்கு எதற்கு இந்த ஆசை என்று ஸ்டாஃப் ரூமில் பேசியவர்கள் உண்டு. என் காதில் விழட்டும் என்றேதான் பேசினார்கள்.

நான் வடிவமைத்தது பெரிய மேட்ரிக்ஸ்களை, அதாவது எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிய அட்டவணைகளை, பெருக்கும் ஒரு சிப். அதுவும் பெரும்பாலான கட்டங்களில் சைபரே இருக்கும் மேட்ரிக்ஸ். சாதாரண சிப் அந்தச் சைபரையும் மதித்து ஒவ்வொன்றாகப் பெருக்கும். கல்யாணப் பந்தியில் ஆள் உட்காராத இலைக்கும் சாம்பார் ஊற்றிக்கொண்டே போகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த இலையில் ஆள் இருக்கிறது என்ற பட்டியலை அவர் கையில் கொடுத்துவிட்டால் அங்கே மட்டும் போய் ஊற்றுவார். சைபர் அல்லாத எண்களையும் அவை இருக்கும் இடத்தையும் மட்டும் சேமித்து வைப்பது என்றால் இவ்வளவுதான். மாணவர்களுக்கும் இப்படித்தான் சொல்வேன்.

என் மேட்ரிக்ஸ் எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரிலிருந்து வந்தது. கிணற்றுக்கு ஒரு வரிசை. ஒரு கிணறு ஏறி இறங்கினால் இன்னொன்று எவ்வளவு அசையும், கடல் பக்கத்திலிருந்து எவ்வளவு உப்பு நகர்ந்து வரும் என்பதெல்லாம் அதில் எண்கள். மேற்கே பொன்னமராவதிக் கிணற்றுக்கும் கடலோர மணமேல்குடிக் கிணற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அங்கே சைபர். நல்ல மழை, அரைகுறை மழை, மழையே இல்லை என்று பல நிலைமைகளை இன்னொரு மேட்ரிக்ஸில் அடுக்கி, இரண்டையும் திரும்பத் திரும்பப் பெருக்கினால் வருடங்கள் போகப் போக எந்தக் கிணறு என்ன ஆகும் என்று தெரியும்.

மணமேல்குடிப் பக்கம் தென்னை வைத்திருக்கும் என் தம்பி ஒருநாள் போனில் கேட்டான். "அக்கா, தண்ணி உப்புக் கரிக்குது. ஒங்க மெசினு எங்க கெணத்தையும் பாக்குமா?"

பார்க்கும் என்றேன். கொஞ்சம் கர்வமாகவே சொன்னேன்.

முதல் வடிவமைப்பில் கோட்டை விட்டேன். சிப்பில் பெருக்கல் செய்யும் பதினாறு பெருக்கிகளுக்கும் ஆளுக்கு இத்தனை வரிசை என்று சமமாகப் பிரித்தேன். ஆனால் ஒரு வரிசையில் கூட்டம் நெரியும், இன்னொன்றில் இரண்டே பேர் இருப்பார்கள். ஒருவர் மூச்சு வாங்கப் பரிமாற, மற்ற பதினைந்து பேரும் வாளியோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். சைபரைத் தாண்டி மிச்சம் பிடித்த நேரமெல்லாம் காத்திருந்தே கழிந்தது. வரிசையை விட்டுவிட்டு வேலையின் அளவைப் பார்த்துப் பிரித்து, தன் வேலை முடிந்தவர் அடுத்தவர் மீதியை வாங்கிக்கொள்ளும்படி மாற்றி எழுத ஒரு வருடம் ஆனது. வேகம் வந்தது. கைடு எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை.

அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். என் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பேனாவால் தட்டினார். "ஏம்மா, இந்தக் கடலோர வரிசையப் பாருங்க. மொத்தத்துல பாதி இதுதான், எல்லாம் பொடி நம்பரு. சைபர் மாதிரிதானே? தூக்கி சைபர்ல போடுங்க. வேகம் ரெண்டு மடங்காயிரும், நானும் கையெழுத்துப் போட்டுர்றேன்."

"சைபர்னா சைபர் சார். சைபர் மாதிரின்னு ஒன்னு கெடையாது" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

ஆனாலும் அவர் சொன்னபடியும் ஓட்டிப் பார்த்தேன். சொன்னது பொய் இல்லை, வேகம் ரெட்டிப்பானது. ஆனால் மழையே இல்லை என்று கொடுத்தாலும், எத்தனை வருடம் தள்ளிப் போனாலும், கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறவே இல்லை. கடல் என்று ஒன்று இருப்பதையே கணக்கு மறந்துவிட்டது. என் தம்பி வாயில் கரித்த தண்ணீர் என் திரையில் இனித்தது. ஆத்திரமாக வந்தது. லேப் உதவியாளர் வந்து மின்விசிறியை நிறுத்தட்டுமா என்று கேட்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு முடிவுகளையும் எடுத்துக்கொண்டு மறுநாள் அவரிடம் போனேன். ரெண்டையும் ஆய்வேட்டில் பக்கத்துப் பக்கத்தில் போடுகிறேன், வேகமும் தெரியட்டும், அதற்கு என்ன விலை என்பதும் தெரியட்டும் என்றேன்.

"நம்ம ஆராய்ச்சி வேகந்தான்மா. தண்ணி நம்ம வேலை இல்ல."

"ஓரத்துல ஒரு சின்னப்புள்ள உக்காந்திருக்கு சார். ரெண்டு வாய்தான் திங்கும்னு எலைய எடுத்துருவீங்களா?"

"நீங்க பிடிச்ச முயலுக்கு மூணே காலு" என்று சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னவர், முயலுக்குக் காலை எண்ணுகிறார்.

ஸ்டாஃப் ரூமில் ஒருவர் ஆறுதலாக, "கடுகு சிறுத்தாலும் காரம் கொறையாது மேடம்" என்றார். "காரம் இல்லைங்க, உப்பு" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

இரண்டு முடிவுகளோடும் ஆய்வேட்டை எழுதி முடித்து அவர் மேசையில் வைத்தேன். கடைசித் தேதி வந்தது, போனது. கையெழுத்து வரவில்லை. பதிவு ரத்தாகிவிட்டதாக ஒரு வரி மின்னஞ்சல் வந்த அன்று வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நன்றாக அழுதேன். ஒரு இரவில் அந்த எண்களை அழித்திருந்தால் டாக்டர் ஆகியிருப்பேன் என்பதும் தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஆனால் அழுது முடித்தபோதும் அவற்றை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஜூலையில் வேறொரு கைடைப் பிடித்து, முதலிலிருந்து பதிவு செய்யப் போனேன். விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: முன்பு பதிவு செய்து முடிக்காமல் விட்டிருந்தால் அதற்கான காரணம்.

நான் யோசிப்பதைப் பார்த்து கவுண்டரில் இருந்த அலுவலர் உதவ வந்தார். "குடும்பச் சூழ்நிலைன்னு போட்டுருங்க மேடம். லேடீஸ் எல்லாரும் அதத்தான் போடுவாங்க."

பேனாவை அழுத்திப் பிடித்துக் கட்டத்துக்குள் எழுதினேன்: 'முடித்துவிட்டேன். கையெழுத்து மட்டும்தான் வரவில்லை.'