ஜொஹாரியின் இஞ்சினும் மாமியாரின் வண்டியும்

மலேசியாவில் குவாலா பிலா பக்கத்தில் கல்யாணமான ஆண்கள் எல்லாருமே வீட்டோடு மாப்பிள்ளைகள்தாம். வீடு, நிலம், ரம்புத்தான் மரம், கோழிக்கூடு எல்லாம் தாய்வழியாகப் பெண்களுக்குப் போகும். மாப்பிள்ளை என்ன கொண்டுவந்தான் என்பதைக் கல்யாணத்தன்றே பெரியவர்கள் முன்னால் சொல்லிவிட வேண்டும். என்றைக்காவது அவன் கிளம்பினால் அதுவும் அவனோடு கிளம்பும். ஜொஹாரி கொண்டுவந்தது ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு பெட்டி ஸ்பானரும். அதைச் சொல்லி முடிக்க அவனுடைய மாமாவுக்கு ஒரு தும்மல் நேரம்கூட ஆகவில்லை.

ஜொஹாரி தண்ணீர் இலாகாவில் பம்பு பழுது பார்ப்பவன். அதிர்ந்து பேசமாட்டான். மாமியார் மாக் சௌடா வீட்டில் அவனை யாரும் ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை. மீனில் நல்ல துண்டு எப்போதும் அவன் தட்டுக்குத்தான் வரும். ஆனால் வீட்டு விஷயம் பேச உட்காரும்போது, அவனைக் காபி குடிக்கச் சொல்லிவிட்டு மற்றவர்கள் பேசுவார்கள். பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் விருந்தாளியாக இருந்து பாருங்கள், அப்போது தெரியும் அந்த மீன் துண்டின் ருசி.

மாக் சௌடாவிடம் ஒரு பழைய கஞ்சில் கார் இருந்தது. ரப்பர் பால் விற்ற காசில் தானே வாங்கிய வண்டி. பிரசவம், கல்யாணம், சாவு என்று அந்தக் குலம் முழுவதும் அந்தச் சின்ன வண்டிக்குள்தான் திணித்துக்கொண்டு போகும். ஓடி ஓடி அதன் இஞ்சின் மூச்சிரைக்கத் தொடங்கியது. சிரம்பானுக்குப் போகும் புக்கிட் புத்துஸ் மலைப்பாதையில் நான்கு பெண்கள் ஏறினால் இரண்டு பேர் இறங்கி நடக்க வேண்டும். நடந்தவர்கள் உச்சிக்கு முதலில் போய், வாழைப்பழ பஜ்ஜி வாங்கித் தின்று, செரித்து, மறுபடி பசியெடுத்த பிறகுதான் வண்டி வந்து சேரும். பக்கத்து வீட்டு ஆளான நானும் ஒருமுறை அப்படி நடந்திருக்கிறேன். வழியில் ஒரு நத்தை எங்கள் வண்டியை முந்திக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். நத்தை கொஞ்சம் அவசரத்தில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜொஹாரி மோட்டார் சைக்கிளை விற்றான். ஜப்பானில் ஓடி முடித்த வண்டிகளைக் கதவுக்கு முன்னால் குறுக்கே அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலில் கொண்டுவந்து விற்பார்கள். ஹாஃப்கட் என்பார்கள். சிரம்பான் கடையில் அப்படி ஒன்றை வாங்கினான். டர்போ இஞ்சின், கியர்பாக்ஸ், வயர்கள், பெரிய பிரேக் எல்லாம் ஒரே துண்டாக இருந்தது. லாரியிலிருந்து அது இறங்கியபோது, பின்பாதி எங்கே விழுந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் ரோட்டை எட்டிப் பார்த்தார்கள்.

டர்போ என்றால் என்ன என்று மாக் சௌடா கேட்டார். வெளியே போகும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும், அந்தச் சக்கரம் இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் என்று விளக்கினான்.

“வெளிய விடற மூச்சுலயே வேலை வாங்குதா? அப்ப என் தங்கச்சி விடற பெருமூச்சுக்குப் பஸ்ஸையே இழுக்கலாம்” என்றார் அவர். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பதினோரு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. ரம்புத்தான் மரக்கிளையில் சங்கிலி போட்டுப் பழைய இஞ்சினைத் தூக்கினான். புதியதை இறக்கினால் தாங்கிகள் பொருந்தவில்லை. வெட்டி, வெல்டிங் வைத்தான். எல்லாம் பூட்டிய பிறகு இஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. மூன்று வாரம் வயரையே சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டினான். கடைசியில் பார்த்தால் பழைய பெட்ரோல் பம்புக்குத்தான் புது இஞ்சின் கேட்கும் வேகத்துக்கு ஊற்றத் தெம்பில்லை. பம்பு பார்க்கிறவனுக்குப் பம்பு கண்ணில் படவில்லை என்று மனைவி கம்சியா ஒரு மாதம் சிரித்தாள்.

சிக்கல் வந்தது வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான். புது இஞ்சின் எண்ணைப் பதிவுப் பத்திரத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு வண்டிக்காரியின் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் ரோட்டில் ஓட்டினால் வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள். மாக் சௌடா பேனாவை வாங்கினார், மூடினார், மேசைமேல் வைத்தார்.

“இஞ்சின் யாரோடது?”

ஜொஹாரி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். மோட்டார் சைக்கிள் அவன் கொண்டுவந்தது. அதை விற்று வாங்கியதால் இஞ்சினும் அவனுடையது. வண்டி அவருடையது. அவனுடைய பொருளை அந்த வீட்டுப் பொருளோடு போல்ட் போட்டுப் பூட்டிவிட்டான், ஒரு பெரியவரிடமும் சொல்லாமல். வேறு ஊராக இருந்தால் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இங்கே அது லேசான தப்பில்லை. நாளைக்கு மகளுக்கும் அவனுக்கும் ஒத்துவராமல் போனால் வண்டியின் நெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவானா, குலத்தின் வண்டி கூடாக நிற்குமா என்பது மாக் சௌடாவின் கவலை. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் நான் போகிறவன்தானா என்பது அவன் கவலை. அன்று மீனைத் தொடாமல் எழுந்துபோனான்.

குலப் பெரியவர் பாக் தாஹிரை அழைத்தார்கள். பொருளைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லமாட்டேன் என்றார் அவர். அவருக்கு வண்டியில் ஒரு சுற்றுப் போக ஆசை என்பது ஊருக்கே தெரியும். விடிந்ததும், ரோட்டில் போலீஸ் வருவதற்கு முன்னால், மலைக்குக் கிளம்பினார்கள். என் வண்டி, நான்தான் ஓட்டுவேன் என்று மாக் சௌடா உட்கார்ந்தார். பெரியவர் பக்கத்தில், ஜொஹாரியும் கம்சியாவும் பின்னால்.

சமதரையில் வண்டி பூனை மாதிரி போனது. முதல் ஏற்றத்தில் மாக் சௌடா பழைய வழக்கப்படி காலை அடிவரை அழுத்தினார். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு முன்னாலிருந்து ஒரு விசில் கிளம்பியது. வண்டி பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் ஸ்டீயரிங் அவர் கையை உதறிவிட்டு இடதுபக்கச் சாக்கடையைப் பார்த்துத் திரும்பியது. பெரியவரின் தொப்பி பின்கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. பயந்து காலை எடுத்ததும் வண்டி வலதுபக்கம் வெட்டியது.

“மாக், கால மெதுவா வைங்க. கைய இறுக்காதீங்க. அதுவே நேரா வரும்” என்றான் ஜொஹாரி பின்னாலிருந்து, குழாய்த் தண்ணீரின் அளவு சொல்லும் குரலில்.

நேராக வந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு மாக் சௌடா இறங்கினார். பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். மீதி மலையை ஜொஹாரி ஓட்டினான். விசில் கிளம்பும்போது அவன் கை, முரட்டு ஆட்டைக் கயிற்றில் பிடிப்பதுபோல் கொஞ்சம் விட்டுக் கொஞ்சம் பிடித்தது. நான்கு பேரையும் சுமந்துகொண்டு, எதிரே வந்த மேகத்தை ஒதுங்கச் சொல்லி, வண்டி உச்சிக்கு ஏறியது.

“இந்த இழுப்பை நிறுத்த முடியாதா?” என்று மாக் சௌடா கேட்டார்.

“குறைக்கலாம் மாக். முழுசாப் போகாது. இதுல முன்சக்கரம்தான் இழுக்கணும், வண்டியத் திருப்பறதும் அதுவேதான். கூடவே சக்கரத்தைச் சுத்தற தண்டு ரெண்டு பக்கமும் ஒரே நீளமில்ல. பழகினவங்க பிடிச்சுப்பாங்க.”

டர்போ சூடு தணியட்டும் என்று இஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டு உச்சியிலிருந்த பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்தார்கள். பாக் தாஹிர் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினார். ஜொஹாரி முந்திக்கொண்டான். இஞ்சினை வீட்டுக்கே கொடுத்துவிடுகிறேன், என்னுடையது என்று எதுவும் வேண்டாம், கையெழுத்துப் போட்டால் போதும் என்றான்.

கம்சியா கிளாஸை வைத்தாள். “வேணாம் அபாங். அதையும் குடுத்துட்டா அந்த வீட்ல உங்களுதுன்னு ஒரு ஸ்குரூ கூட இருக்காது.”

பெரியவர் மாக் சௌடாவைப் பார்த்தார். மாமியார் தேநீரை ஆற அமரக் குடித்து முடித்தார்.

“இஞ்சின் அவனோடதுதான். அப்படியே சொல்லுங்க, ஊர் கேக்கட்டும். அவன் போனா அது போகும், வண்டி நிக்கும். நிக்காம இருக்கணும்னா அவன் இருக்கணும். இத பிடிக்கவும் வேற யாரும் இல்ல, நான் பிடிச்சுப் பாத்துட்டேன்.”

பிறகு பத்திரத்தைக் கேட்டார். மேசை ஈரமாக இருந்ததால் பாக் தாஹிரைத் திரும்பி நிற்கச் சொல்லி, அவர் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கூரைத் தகரம் மாற்ற வேண்டியிருக்கிறது, ராத்திரி உட்கார்ந்து பேசணும், நீயும் வா என்று ஜொஹாரியிடம் போகிறபோக்கில் சொன்னார்.

ஜொஹாரி தலையாட்டினான். ரேடியேட்டர் தண்ணீரைப் பார்க்கிறேன் என்று எழுந்துபோய் பானட்டைத் தூக்கினான். தண்ணீர் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கம்சியா இரண்டாவது தட்டு பஜ்ஜியைத் தின்று முடிக்கும்வரை அவன் அந்தப் பானட்டுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான்.