ஸ்டெல்லா அக்காவின் தேன்சிட்டுப் படம்

ஸ்டெல்லா அக்கா போயிட்டா.

காலையில அவட பெறாமகன், தங்கச்சிட மகன், கோல் பண்ணினான். தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பினா எழும்பல்லயாம்... நித்திரையிலயே முடிஞ்சிட்டுது.

இங்க கனபேருக்கு அவவைத் தெரியாது. எழுபதுகளில மட்டக்களப்பில நாங்க ரெண்டு பேரும் ஒரே கந்தோர். அவ டைப்பிஸ்ட், நான் புதுசா வந்த கிளார்க், பக்கத்துப் பக்கத்து மேசை.

கல்லடியில வாவிக்கிட்ட வீடு. புருஷனுக்குத் திருகோணமலையில வேலை, மாசத்தில ஒருக்கா வந்து போவார். வீட்டில அக்காவும் மகள் ஜெனியும்தான். ஜெனிக்கு அப்ப நாலு வயசு.

அக்காக்கு குருவிப் பைத்தியம். கப்பல்ல வேலை செஞ்ச அண்ணன் குடுத்த பழைய கமரா ஒண்டு இருந்தது, மேலால குனிஞ்சு பார்க்கிற வகை. வளவுக்குள்ள வாற செண்பகம், மீன்கொத்தி, புலுனி... ஒண்டையும் விடமாட்டா.

அந்த நேரம் பிலிம் ரோல் கிடைக்கிறது லேசில்ல. டவுன் ஸ்டூடியோக்காரர் அக்காவைக் கண்டாலே கையெடுத்துக் கும்பிடுவார். “கலியாணத்துக்கே ரோல் இல்லாம நிக்கிறன் தங்கச்சி, நீங்க குருவிக்குக் கேக்கிறீங்க!”

கேட்டுக் கேட்டு எப்பிடியும் ஒண்டு வாங்கிருவா.

ஒரு வருஷம் விறாந்தையில உடுப்புக் காயப்போடுற கொடியில தேன்சிட்டு கூடு கட்டிச்சு. அக்கா அந்தக் கொடியைத் தொடவே விடல்ல. உடுப்பெல்லாம் வேலியில காஞ்சுது. ஒருநாள் சாறி முழுக்க வேலிக்கம்பித் துருவோட கந்தோருக்கு வந்தா. நாங்க சிரிச்சம். அவவும் சிரிச்சா.

ஒரு ஞாயிறு, பூசை முடிஞ்சு அவவோட வீட்டுக்குப் போனன். குஞ்சு பொரிச்சிருந்தது. தாய்க்குருவி இரை கொண்டு வாறதை எடுக்கவேணும் எண்டு அக்கா கதிரையில இருந்து கமராவுக்குள்ள குனிஞ்சபடி... மூச்சுச் சத்தமும் இல்ல. ரோலில கடைசிப் படம்.

குருவி வந்துது. அக்கா அமத்தினா. அதே நேரம் கூட்டுக்குப் பின்னால முற்றத்தில இருந்து ஜெனி கையை விரிச்சபடி ஓடி வாறாள்...

“அம்மா, குருவி! குருவி!”

குருவி பறந்திட்டுது.

“நாசமாப் போச்சு! எத்தினை தரம் சொன்னன், அங்கால நில்லெண்டு!” அக்கா எழும்பி முதுகில ஒண்டு போட்டா. பெரிய அடியில்ல. ஆனா பிள்ளை விக்கி விக்கி அழுதுது. நான்தான் தூக்கிக்கொண்டு வாவிப் பக்கம் போனன்.

அடுத்த கிழமை ஜெனிக்குக் காய்ச்சல். வலிப்பும் வந்துது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய் ரெண்டாம் நாள்...

எழுத ஏலாம இருக்கு.

செத்த வீட்டுக்கு ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டிருந்தாங்க. அந்தக் காலத்தில பெட்டியில வச்சுப் படம் எடுக்கிறது வழக்கம். அக்கா பெட்டிக்கு முன்னால வந்து நிண்டிட்டா.

“இப்பிடி எடுக்க ஒண்ணாது.”

திருகோணமலையில இருந்து வந்திருந்த புருஷன் அத்தனை சனத்துக்கு முன்னால கேட்டார்: “ஊரில உள்ள குருவியெல்லாம் படம் புடிச்சியே... என்ட பிள்ளையில ஒண்டு இரிக்கா?”



“கமராவுக்குள்ள ஒண்டு இரிக்கி” எண்டா அக்கா, மெதுவா.

அந்த ரோலை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனது நான்தான். கழுவி எடுத்தா குருவி அவ்வளவு தெளிவு. சொண்டில இருந்த பூச்சியின்ட காலும் தெரியுது. பின்னால ஜெனி... வெள்ளையா ஒரு புகை. விரிச்ச கை தெரியும். முகம் இருக்கிற இடம் தெரியும். முகம் இல்ல.

ஸ்டூடியோக்காரர் பாவம், பெருப்பிச்சுப் பார்த்தார். பெருப்பிக்கப் பெருப்பிக்க இன்னும் கலைஞ்சு போச்சு.

புருஷன் அந்தப் படத்தை ஒருக்காப் பார்த்தார். கவிழ்த்து மேசையில வச்சார். முப்பத்தொண்டாம் நாள் பூசை முடிஞ்ச கையோட திருகோணமலைக்குப் போனவர்தான், பிறகு வரவேயில்ல.

அக்கா அதைக் கண்ணாடி போட்டு முன்னறையில மாட்டினா. வாற சனமெல்லாம், “ஆ, நல்ல வடிவான குருவி” எண்டு சொல்லுவாங்க.

“ஓம்” எண்டுவா.

பிறகும் அக்கா கமராவை விடல்ல. பிள்ளை செத்தும் குருவிக்குப் பின்னால திரியிறாள், இவளெல்லாம் ஒரு தாயா எண்டு கந்தோரிலயே கதைச்சாங்க. எனக்கும் விளங்கல்ல. ஒருநாள் கேட்டே விட்டன்.

“விடிஞ்சா அதுகள் வந்து கத்துதுகள். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க ஏலாது” எண்டா. டைப் அடிக்கிற கை நிக்கவேயில்ல.

எழுபத்தெட்டுச் சூறாவளியில கூரை மொத்தமாப் போச்சு. அலுமாரியோட நெகட்டிவெல்லாம் தண்ணியில. நான் போய்ப் பார்க்கிறபோது அக்கா பக்கத்து வளவுகளில ஓலையையும் தகரத்தையும் புரட்டிப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தா. நானும் தேடினன். சட்டம் கிடைச்சுது. உள்ளுக்குப் படம் இல்ல.

வளவில ஒரு மரம் நிக்கல்ல. ஒரு காகம்கூடக் கத்தல்ல.

“மறுகா தேடுவம் அக்கா, வாங்க” எண்டு கையைப் புடிச்சன். வரல்ல.

அதுக்குப் பிறகு அவ ஒரு படமும் எடுக்கல்ல. கமராவை என்ன செஞ்சா எண்டும் தெரியாது, நான் கேட்கவும் இல்ல.

இண்டைக்கு முழுக்க ஜெனிட முகத்தை நினைச்சுப் பார்க்கிறன். வாவிக் கரையில என்ட தோளில சாஞ்சு அழுத பிள்ளை... முடி ஞாபகம் வருது. சட்டைப் பூ ஞாபகம் வருது. முகம் வருகுதில்ல.

நாளைக்குப் பின்னேரம் கல்லடியில அடக்கம். தெரிஞ்சவங்க வாங்க.

ஆறுதலாப் போங்க அக்கா.