வெளியே ஓடச் சொன்ன ரோஸ்லின் சிஸ்டர்

திருத்தங்கல் அச்சகத்தில் காலண்டர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ரோஸ்லின் சிஸ்டர் போய்விட்டார். விருதுநகர் ஆஸ்பத்திரியில், மாரடைப்பு. படுக்கையில்தானே போனார் என்று முதலில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி ஏன் என்று இந்தப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குப் புரியும்.

இலங்கையிலிருந்து வந்து முகாமில் தங்கிய நமக்கெல்லாம் இந்த நாட்டை அறிமுகப்படுத்தியவர் அந்த ஓய்வுபெற்ற நர்ஸ்தான். புதிதாக யார் வந்தாலும் மினி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். விருதுநகர் மிளகாய் வத்தல் மண்டியில் நாம் தும்மித் தள்ளியதைப் பார்த்து, "இந்த நெடி பழகிருச்சுன்னா நீங்களும் இந்த ஊர்க்காரகதான்" என்று சிரித்தார். வெம்பக்கோட்டையில் என் தங்கை சுகந்தி, "ஆறு எங்க சிஸ்டர்?" என்று கேட்டாள். "நிக்கிறீகளே, அதுதான் வைப்பாறு" என்றார். காலடியில் மணலும் கருவேலமுள்ளும் கிடந்தன.

சுகந்தி பிள்ளைகளோடு வந்தது அண்மையில்தான், அங்கே பால்மாவும் மருந்தும் கிடைக்காமல் போன பிறகு. "பயர் ஆபீஸ்ல ஆள் எடுக்காக" என்று யாரோ சொன்னதும், இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள், மேசை நாற்காலி வேலை என்று நம்பி. பட்டாசு ஆலைக்கு இங்கே அதுதான் பெயர். சாயங்காலம் கையெல்லாம் வெடிமருந்துப் பொடியோடு வந்து நின்றாள். நான் சிரித்துவிட்டேன். சிஸ்டர் சிரிக்கவில்லை.

ஒரு மதியம் சிஸ்டர் முகாமில் இருந்தபோது தொலைவில் ஒரு சத்தம். சுகந்தி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடி, கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்துவிட்டாள். நம்மில் யார்தான் அப்படிப் படுக்கவில்லை? நம் ஊரில் வெடி என்றால் துப்பாக்கிச் சூடு. பதுங்குகுழியில் வளர்ந்த உடம்பு வேறென்ன செய்யும்? சிஸ்டர் அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தார். "தாயி, உங்க ஊர்ல வெடி வெளிய இருந்து வந்துச்சு, உள்ள ஓடுனீக. இங்கன வெடி உள்ளதான் இருக்கு. எம்புட்டு சின்னச் சத்தம்னாலும் போட்டது போட்டபடி வெளிய ஓடணும்."

வேறு வேலை பார்க்கச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்தார். "இந்தச் சீசன் முடியட்டும் சிஸ்டர்" என்றாள் இவள். அதன் பிறகு வரும்போதெல்லாம் பேச்சுக்கு நடுவே சட்டென்று கையைத் தட்டுவார். சுகந்தி எழுந்து வாசலுக்கு ஓட வேண்டும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் கண் முதலில் தரைக்குப் போகும், பிறகுதான் வாசலுக்கு. சிஸ்டரும் அதைக் கவனித்திருந்தார். "காலு இன்னும் இலங்கையிலதான் நிக்கி" என்று என் காதோடு சொன்னார்.

அடக்கத்தன்று சுகந்திக்கு லீவு தரவில்லை. தீபாவளி ஆர்டர், லோடு போயாக வேண்டுமாம். கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்து மண் போட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கேட்டது. ஒரு பெரிய சத்தம், அதன்பின் விடாமல் படபடவென்று. வெம்பக்கோட்டைத் திசையில் புகை எழும்பியது. சுகந்தி வேலை செய்வதும் அங்கேதான்.

ஆலைக்குள் போன் கொண்டுபோக முடியாது. கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவள் வெளியே வந்தால்தான் எடுப்பாள். அவள் போனுக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் இருந்து கை தட்டியிருக்கக் கூடாதா என்று அந்தக் குழியைப் பார்த்துச் சிஸ்டரை ஏசினேன், அழுதேன். திரும்பத் திரும்ப அடித்தேன்.

கடைசியில் எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, நான் வெளியில நிக்கிறன். பக்கத்து அறை ஆக்கள் இன்னும் வரேல்லை."

அந்த ஆலை இப்போது பூட்டிக் கிடக்கிறது. அடுத்த வாரம் வேறொரு பயர் ஆபீஸுக்குப் போகிறேன் என்கிறாள். பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும், நான் என்ன சொல்ல? சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கைதட்டல்தான். நேற்று அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று தட்டினேன். வாசலுக்கு ஓடினாள். ஆனால் முதலில் தரையைத்தான் பார்த்தாள்.