அறிமுகம் செய்து வைத்தவர்

இண்டூர்த் திருவிழா மேடையில் பேச என்னை அழைத்திருந்தார்கள். பொறியியல் படித்த எனக்கு அதுதான் முதல் மேடை. பேச வேண்டியதை வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்திருந்தேன்: ஒரு பழைய சொல், அதன் பொருள், புலவர்கள் அதைக் கையாண்ட விதம்.

நிகழ்ச்சியை அறிவிப்பவர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பேசும் முன் மைக்கை விரலால் தட்டுவது அவர் பழக்கம். கையில் மைக் இல்லாததால் முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

“என்ன பேசப் போறீங்கம்மா? அறிமுகம் பண்ணணும்.”

“சாறுங்கற வார்த்தை பத்திங்க.”

“கரும்புச் சாறுங்களா?”

சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஊர்த் திருவிழாவுக்குச் சாறு என்ற பழம்பெயர் உண்டு. மனம் நிறைந்த மகிழ்ச்சியைச் சொல்ல, சாறு நடக்கும் ஊரைப் புலவர்கள் உவமையாக்கினார்கள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

பிறகு மேடையேறினார். “பெரியோர்களே, இன்னிக்கு நம்மூர்ல நடக்கறதுக்குப் பேரு சாறுங்க. கரும்புச் சாறு இல்லைங்க” என்று தொடங்கி, என் வரிசை மாறாமல் முழுவதையும் சொல்லி முடித்தார். கூட்டம் கைதட்டியது. “இதயே இன்னும் விளக்கமா இந்தத் தங்கச்சி பேசுவாங்க” என்று மைக்கை என்னிடம் நீட்டினார்.

என்னிடம் ஒரு வாக்கியமும் மிச்சமில்லை. வணக்கமும் நன்றியும் சொல்லி இறங்கிவிட்டேன். எதிர் வரிசையில் அம்மா இன்னும் என் பேச்சுக்காகக் காத்திருந்தார்.

அறிவிப்பாளரிடம் நியாயம் கேட்டுவிடுவது என்று மேடையடியில் நின்றேன். அவரே முந்திக்கொண்டார்.

“நீங்க சொன்னதுல எதையாச்சும் விட்டுட்டனுங்களாம்மா?”

“இல்லைங்க.”

“அப்பறம் ஏம்மா ஒண்ணுமே பேசாம எறங்கிட்டீங்க?”

அந்த முகத்தில் இருந்தது கேலியா அக்கறையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.