தோளில் கை வைக்காமல் வெட்டிய ஜிப்பா

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அண்ணியைத்தான் எழுதச் சொன்னோம். "என்னால ஆகாது, நீயே எழுதும்மா" என்று என் தலையில் கட்டிவிட்டார். அண்ணனைத் திட்டாமல் எழுத எனக்கு வராது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாபநாசத்தில் பிறந்த அண்ணன், அப்பா காலமானதும் படிப்பை விட்டுவிட்டுக் கும்பகோணம் கடைத்தெருவுக்குத் தையல் பழக வந்தார். பட்டு வேட்டி, ஜரிகை அங்கவஸ்திரம், ஜிப்பா என்று மாப்பிள்ளைத் துணிக்கே பேர்போன தெரு அது. அங்கேயே சொந்தக் கடை வைத்து, என்னையும் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார்.

தொழிலில் கெட்டிக்காரர், மனசு மட்டும் எந்நேரமும் பதறும். ஆளின் தோளில் கை வைத்துப் பார்க்காமல் துணியில் கத்தரி வைக்கமாட்டார். ஊர்ப் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகத் தொடங்கிய பிறகு, அவர்களுடைய அம்மாக்கள் பழைய சட்டையோடு வருவார்கள். "இந்த அளவுக்கே தைச்சிடுங்கண்ணே, பிள்ளை கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வருது."

"வெளிநாட்டுச் சோறு ஆளை எப்படி மாத்தியிருக்கோ! வந்து நிக்கட்டும்மா, உடனே தைச்சுத் தர்றேன்" என்பார். பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே ரெடிமேட் கடைக்குப் போனார்கள்.

கடைசியில் அவருடைய மகனே மஸ்கட் போனான். கல்யாணம் நிச்சயமானது, லீவு நிச்சயமாகவில்லை. தேதி ஒருமுறை தள்ளியும் போயிற்று. கடைக்கு போன் வந்தாலே அண்ணன் முகம் வெளிறிவிடும். அவன் கல்யாண ஜிப்பாவுக்கு எடுத்த பட்டுத்துணி வெட்டாமல் மேசையிலேயே கிடந்தது. மகன் போனில் சைஸ் சொன்னான். "அது ரெடிமேட் சட்டையோட சைஸ்டா, உன்னோடது இல்ல" என்று வைத்துவிட்டார். அவர் கடைசியாக அவனுக்கு அளவெடுத்தது பள்ளிச் சீருடைக்கு.

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர், ஒருநாள் காலை யாரையும் கேட்காமல் அந்தத் துணியை வெட்டித் தைத்துவிட்டார். அதன் பிறகுதான் பதற்றம் பெரிதானது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அதே கேள்வி. "ஏம்மா, தோள் சரியா இருக்குமா?"

"உங்க பிள்ளை தோள் உங்களுக்குத் தெரியாதாண்ணே? பேசாம படுங்க!" என்று சத்தம் போட்டேன். அவன் வருவதற்குள் இவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் எனக்கு.

ஆகிவிட்டது. கல்யாணத்துக்குக் கிடைக்காத லீவு கொள்ளி வைக்கக் கிடைத்தது. அந்த முதலாளியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிறகு கல்யாணத்துக்கு வந்தவன் ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. கைதான் விரல்நுனியைத் தாண்டித் தொங்கியது.

"யூனிபார்முக்கு விடற மாதிரியே விட்டிருக்காரு பாரு. வளர்ற பிள்ளையாம்!" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்த அண்ணி, முடிப்பதற்குள் அழுதுவிட்டார். பக்கத்துத் தையல்கடை பாய் கத்தரியை எடுத்தார். "வெட்டாதீங்க பாய், உள்ள மடிச்சே தைச்சிடுங்க" என்றான் மகன்.

அப்படியே தைத்துக் கொடுத்த பாய்க்கும், அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய கடைத்தெரு நண்பர்களுக்கும், அண்ணியைத் தனியே விடாமல் கூட இருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒருவருக்கு மட்டும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தோள் சரியா இருந்துச்சுண்ணே.