அட்டைப்பெட்டிக்கும் ஃபைல் வேண்டும்

அவசரப் பிரிவின் தலைமை நர்சுக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒரே ஒரு கதவு. புதுக்கதவு கூட அல்ல; இருப்பதைத் திறந்தால் போதும். அவசரப் பிரிவுக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் நடுவே அது மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. ரத்தக் குப்பியோடு கட்டடத்தையே சுற்றி ஓட வேண்டும். போன வாரம் அப்படி ஓடி வாங்கிவந்த முடிவு, நோயாளியின் மூச்சு நின்றபின் வந்து சேர்ந்தது.

ஏழு மனு கொடுத்தாயிற்று. "அந்தக் கதவையே கட்டிக்கிட்டு அழு," என்று கணவரும் கைகழுவிவிட்டார்.

எட்டாவது முயற்சி, விளையாட்டு. நிர்வாகிகளின் வருடாந்தரப் பயிற்சியில் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கினார். ஐந்து மேஜை, நாற்பது சட்டைப் பொத்தான், ஒரு பகடை. பொத்தான்தான் நோயாளி. பகடையில் விழுகிற எண்ணிக்கையில் அடுத்த மேஜைக்கு நகர்த்தலாம். இரண்டாம் மேஜைக்கும் மூன்றாம் மேஜைக்கும் நடுவே ஓர் அட்டைப்பெட்டி, அதாவது பூட்டிய கதவு. அதனால் பொத்தானை ஏந்திக்கொண்டு அறையைச் சுற்றிவர வேண்டும். பத்து நிமிடத்தில் நான்கு பொத்தான் ஐந்து மேஜையும் தாண்டி வீடு திரும்பின.

"இனி என்ன வேணா மாத்துங்க சார்," என்றார் நர்ஸ். பெட்டியைத் தூக்குவார்கள், கையோடு நிஜக் கதவைத் திறக்கும் உத்தரவிலும் கையெழுத்து விழும் என்பது அவர் நப்பாசை.

நிர்வாகிகளும் மாற்றினார்கள். பொத்தான்களுக்கு நிறவாரியாகப் பதிவேடு திறந்தார்கள். மேற்பார்வையாளரை நியமித்தார்கள். இம்முறை வீடு திரும்பியவை மூன்று. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் காத்திருந்த பொத்தான்களை வாரி ஜன்னலோரம் வைத்து, "வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு. காத்திருப்பு சைபர்," என்றார். பலத்த கைதட்டல்.

நர்ஸ் பெட்டியைக் காட்டினார். "சார், அந்தப் பெட்டியைக் கொஞ்சம்..."

"அது கதவும்மா," என்றார் கண்காணிப்பாளர்.

"அட்டைப்பெட்டி சார்."

"கதவுன்னு நீங்கதானே சொன்னீங்க? சாவி கட்டடப் பிரிவுல இருக்கு."

எதிரே பொத்தானும் கையுமாக இருந்த கட்டடப் பிரிவு அதிகாரி, "ஃபைல் வரட்டும், பாக்கலாம்," என்றார்.

நர்ஸ் தானே பெட்டியைத் தூக்கினார். அடுத்த பத்து நிமிட ஆட்டத்தில் பத்தொன்பது பொத்தான் வீடு போயின.

"இது அழுகுணி ஆட்டம்மா," என்றார் கண்காணிப்பாளர்.

"போன வாரம் ஒருத்தர் செத்துட்டார் சார்."

சபை மனதார வருந்தியது. பிறகு தீர்மானம் எழுதியது: பயிற்சி மிகவும் பயனுள்ளது, மாதந்தோறும் நடத்தலாம், பெட்டி மனக்கசப்பை உண்டாக்குவதால் அதை மட்டும் சேர்க்க வேண்டாம். ஒருங்கிணைப்பாளர் என்ற இடத்தில் நர்சிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

அவசரப் பிரிவிலிருந்து போன் வந்தது. "அக்கா, லேபுக்கு அவசரமா ரத்தம் கொண்டுபோகணும், ஆளே இல்ல."

"வரேன்டி."

"டீ வந்துடுச்சு, குடிச்சிட்டுப் போங்களேன்," என்று கட்டடப் பிரிவு அதிகாரி பரிவோடு கூப்பிட்டபோது, நர்ஸ் ஓடத் தொடங்கியிருந்தார்.